ஊர் நலம் சொன்ன சீட்டு

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஒரு மாலை வந்த செய்தி, இருதய சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனை முடிந்து வீடு திரும்பிய ஒரு விளையாட்டு வீரரைப் பற்றியது. மருத்துவர்கள் அவருக்கு 'க்ளீன் பில் ஆஃப் ஹெல்த்' கொடுத்துவிட்டார்கள் என்று மூலத்தில் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி அதை 'மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மிடம் பில் என்றால் மளிகைக் கடை பில், கரண்ட் பில், ஆஸ்பத்திரி பில். அதைத் தாண்டி அந்தச் சொல்லுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, 'அவர் பூரண நலத்துடன் இருப்பதாக மருத்துவர்கள் தெரிவித்தனர்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

அந்தத் திருத்தமும் தவறு என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. உடம்பைப் பற்றிய சொல்லில் 'பில்' எதற்கு, 'க்ளீன்' எதற்கு என்று தேடிப் போனபோது, அது என்னை மத்தியதரைக் கடலின் துறைமுகங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது.

உடல்நலத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் மரபுத்தொடர்களுக்குப் பஞ்சமில்லை. பிடில் போலத் திடமாக இருக்கிறான் என்பார்கள். இளஞ்சிவப்பில் இருக்கிறான் என்பார்கள். மழையைப் போலச் சரியாகிவிட்டான் என்பார்கள். இவையெல்லாம் உவமைகள். யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும், தன்னைப் பற்றியும்கூடச் சொல்லலாம். 'க்ளீன் பில் ஆஃப் ஹெல்த்' அப்படி நடந்துகொள்வதில்லை. அதை ஒருவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வாங்க வேண்டும். மருத்துவர் நோயாளிக்குக் கொடுப்பார், தணிக்கையாளர் நிறுவனத்துக்குக் கொடுப்பார், மெக்கானிக் பழைய காருக்குக் கொடுப்பார். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற இந்த இரண்டு வேடங்களும் தொடருக்குள் நிலைத்துவிட்டதற்குக் காரணம், அது ஒரு காலத்தில் கைக்குக் கை மாறிய நிஜமான காகிதமாக இருந்ததுதான்.

முதலில் 'பில்'. லத்தீனில் 'புல்லா' என்றால் நீர்க்குமிழி. குமிழி போலப் புடைத்திருக்கும் எதையும் குறிக்கும். பிற்காலத்தில் ஆவணங்களில் தொங்கவிட்ட முத்திரைக்கு அந்தப் பெயர் வந்தது. போப்பாண்டவர் வெளியிடும் ஆணையை 'புல்' என்று அழைப்பது அந்த முத்திரையால்தான். மத்தியகால லத்தீனில் இது 'பில்லா' என்று திரிந்து, முத்திரையிட்ட எழுத்து என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பாராளுமன்றத்தில் கொண்டுவரும் மசோதாவும் பில், லண்டன் நகரம் வாரந்தோறும் அச்சிட்ட சாவுக் கணக்கும் பில், கடைக்காரர் நீட்டும் கணக்குத் தாளும் பில். நம் ஊருக்கு வந்து நிலைத்தது கடைசிப் பொருள் மட்டும். 'பில் ஆஃப் ஹெல்த்' என்பதை நலச்சீட்டு என்று சொன்னால் அதன் பழைய பொருளுக்கு அருகில் வந்துவிடலாம்.

யாருடைய நலம் என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தத் தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் கருஞ்சாவு என்று பிற்காலத்தார் பெயரிட்ட பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடியது. அதன் காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் கப்பலோடும் சரக்கோடும் அது வருகிறது என்பதைத் துறைமுக ஊர்கள் கண்ணால் பார்த்திருந்தன. இன்று துப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா நகரம் 1377இல் ஒரு சட்டம் போட்டது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்கள் ஒரு மாதம் மிர்கான் என்ற குட்டித் தீவிலோ அருகிலிருந்த சவ்தாத் ஊரிலோ தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். பின்னால் முப்பது நாள் நாற்பதாக வளர்ந்தது. இத்தாலிய மொழியில் நாற்பது 'குவாரந்தா'. குவாரண்டைன் என்ற சொல் அதிலிருந்து கிளைத்தது. வெனிஸ் 1423இல் தன் கடற்கழியில் இருந்த ஒரு தீவை நோயாளிகளுக்கென ஒதுக்கியது. அங்கே நாசரேத்து மாதா பெயரில் ஒரு கோயில் இருந்தது. அந்தப் பெயரும் விவிலியத்தில் வரும் லாசரின் பெயரும் மக்கள் வாயில் கலந்து 'லாசரெட்டோ' பிறந்தது என்பார்கள். தனிமைப்படுத்தும் இல்லங்களுக்கு ஐரோப்பா முழுக்க அந்தப் பெயர் பரவியது.

வரும் எல்லோரையும் நாற்பது நாள் நிறுத்தினால் வணிகம் படுத்துவிடும். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்று தீர்மானிக்க ஓர் ஆதாரம் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து நலச்சீட்டு வந்தது. வெனிஸ், ஜெனோவா, மிலான் போன்ற நகரங்களின் சுகாதார அதிகாரிகள் தங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஆட்களுக்கும் கப்பல்களுக்கும் சீட்டு எழுதித் தந்தார்கள். ஆரம்பத்தில் கையெழுத்து, பின்னர் அச்சிட்ட படிவம். மேலே நகரின் காவல் புனிதர் படமோ நகரின் கோட்டோவியமோ இருக்கும். வெனிஸ் என்றால் சிறகு முளைத்த சிங்கம். கீழே அச்செழுத்துக்கு நடுவில் கோடுகள் விட்டிருப்பார்கள். கப்பலின் பெயர், தலைவன் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, சரக்கு, போகும் இடம் ஆகியவற்றை எழுத்தர் மையால் நிரப்புவார். தரைவழிப் பயணி என்றால் வயது, உயரம், தலைமயிரின் நிறம், தாடி உண்டா இல்லையா என்பதுவரை எழுதுவார். அடியில் தேதியும் முத்திரையும்.

அந்தப் படிவத்தின் அச்சிட்ட பகுதி என்ன சொன்னது என்று கவனித்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. கப்பலில் இருக்கும் ஆட்கள் நலம் என்பது அதன் முதற்பேச்சு அல்ல. 'இந்தக் கப்பல் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் இன்றைய தேதியில், கடவுள் அருளால், எங்கள் ஊரில் கொள்ளைநோய் இல்லை' என்பதுதான் அதன் சாரம். சீட்டு ஊரைப் பற்றியது. ஊரின் நலத்தை அந்த ஊரே எழுதிக் கொடுக்க, கப்பல் அதைச் சுமந்துகொண்டு போயிற்று. மாலுமியின் நாடியை யாரும் பிடித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

சீட்டுகளில் தரம் இருந்தது. நோயே இல்லாத ஊரிலிருந்து வந்தால் இத்தாலியில் 'பத்தென்தே நெத்தா', சுத்தச் சீட்டு. ஊரில் நோய் நடமாடினால் அசுத்தச் சீட்டு. ஊரில் இல்லை, அக்கம்பக்கத்தில் இருப்பதாகப் பேச்சு என்றால் நடுவில் ஒரு சந்தேகச் சீட்டு. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதே வகைப்பாட்டைத் தங்கள் மொழியில் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் 'க்ளீன்' இந்த 'நெத்தா'வுக்கு நேரான சொல். அதற்கு எதிர்ச்சொல்லாக 'ஃபவுல் பில்' என்ற தொடரும் இருந்தது. அசுத்தச் சீட்டு ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து மறைந்துவிட்டது, சுத்தச் சீட்டு மட்டும் மிஞ்சியது. மறைந்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்காவிட்டால் மிஞ்சியதன் எடை தெரியாது.

1665ஆம் ஆண்டின் பெரும் பிளேக்கின்போது லண்டனை விட்டு ஓடியவர்கள் மேயரிடம் நலச் சான்று வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அது இல்லாமல் வழியிலிருந்த ஊர்களில் தங்க இடம் கிடைக்காது. ஆனாலும் இந்தச் சீட்டின் முழுக்கதையையும் ஒரே கப்பலில் பார்க்க வேண்டுமென்றால் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும்.

'கிராண்ட் சேன் அந்துவான்' என்ற கப்பல் 1719 ஜூலையில் மார்செய்யிலிருந்து கிழக்கு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. தலைவன் ழான் பத்தீஸ்த் ஷத்தோ. ஸ்மிர்னா, சிடோன், சிரியக் கரையின் திரிப்போலி, சைப்ரஸ் என்று சுற்றிப் பட்டும் பருத்தியும் ஏற்றினார்கள். ஜூலை மாதம் போக்கேர் என்ற ஊரில் கூடும் பெரிய சந்தையில் இந்தத் துணிகள் விலைபோக வேண்டும். சரக்கின் பங்குதாரர்களில் மார்செய் நகராட்சியின் முதல் அதிகாரியான எஸ்தெல்லும் ஒருவர். 1720 ஜனவரி 31இல் சிடோனை விட்டு வந்தபோது கப்பலின் கையில் சுத்தச் சீட்டு இருந்தது. திரிப்போலியும் அப்படியே கொடுத்தது. சீட்டு எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அறிந்தவரை, அந்தத் தேதியில், தங்கள் ஊர் சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில், திரிப்போலியில் ஏறிய துருக்கியப் பயணி ஒருவர் கப்பலில் இறந்தார். உடலைக் கடலில் இறக்கிய மாலுமிகள் அடுத்து விழுந்தார்கள். சைப்ரஸ் தாண்டியபின் இன்னும் சிலர். கப்பலின் அறுவை மருத்துவரும் இறந்தார். ஷத்தோ மற்றவர்களிடமிருந்து விலகிப் பின்தளத்து அறைக்குள் அடைந்துகொண்டார். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு வந்தபோது உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அங்கேயும் மூவர் இறந்தார்கள். லிவோர்னோ அதிகாரிகள் திரிப்போலியில் கொடுத்த சீட்டைத் திருப்பி, அதன் முதுகில், ஆட்கள் கொடிய காய்ச்சலில் செத்ததால் இந்தக் கப்பலுக்கு அனுமதி தரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதத்தை அடிக்கடி மனக்கண்ணில் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் சுத்தம். பின்பக்கம் மரணம். ஒரே தாள்.

மே 25ஆம் தேதி கப்பல் மார்செய்யின் முன்னால் நின்றது. சுகாதார அலுவலகத்தின் கரையோர ஜன்னலுக்குக் கீழே தலைவன் படகில் வந்து நிற்க வேண்டும். சீட்டைக் கையால் யாரும் தொடமாட்டார்கள். இடுக்கியால் வாங்கிப் புளிக்காடியில் நனைத்துப் பிறகுதான் படிப்பார்கள். அவ்வளவு கவனமாக நடந்த அலுவலகம் அது. பிளேக்கைச் சுமந்து வந்ததாகச் சந்தேகிக்கும் கப்பலைத் தொலைவிலிருந்த ழார் தீவுக்கு அனுப்புவது வழக்கம். இந்தக் கப்பலை நகருக்கு அருகில் நிறுத்தி, விலையுயர்ந்த பொதிகளை நகர மதிலை ஒட்டியிருந்த தனிமை இல்லத்தில் இறக்க அனுமதித்தார்கள். கப்பலில் இறந்த இன்னொரு மாலுமியைப் பார்த்த அறுவை மருத்துவர், பிளேக்கின் அடையாளம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சந்தைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் பொதிகளைத் தூக்கிய சுமைக்காரர்கள் சாகத் தொடங்கினார்கள். பின்னர் நகரின் நெருக்கடியான தெருக்களில் சாவு நடந்தது. அப்போது மார்செய்யின் மக்கள்தொகை சுமார் 90,000. அதில் பாதியை நெருங்கும் அளவு போய்விட்டது. சுற்றியிருந்த புரோவான்ஸ் பகுதியையும் சேர்த்தால் இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம்.

பிரான்ஸை ஆண்ட அரசப் பிரதிநிதியின் கட்டளைப்படி அந்தக் கப்பலை 1720 செப்டம்பரில் ழார் தீவருகே கொளுத்தினார்கள். ஷத்தோவை ஷாத்தோ தீஃப் கோட்டையில் சிறைவைத்தார்கள், 1723இல் விடுவித்தார்கள். 1978இல் முக்குளிப்பவர்கள் அந்தக் கப்பலின் மிச்சங்களைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதன் நங்கூரம் இப்போது மார்செய் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழியை ஷத்தோ மீது மட்டும் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கொண்டு வந்த தாளின் பின்பக்கத்தைப் படிக்கக் கூடியவர்கள் கரையில் இருந்தார்கள். முன்பக்கம் அவர்களுடைய வணிகத்துக்கு வசதியாக இருந்தது.

சுத்தச் சீட்டுக்காக எல்லோரும் தவித்த காலத்தில் அசுத்தச் சீட்டைத் தேடிப் போன ஒருவரும் உண்டு. ஆங்கிலேயச் சிறைகளின் நிலையை உலகுக்குச் சொன்ன ஜான் ஹோவார்ட். லாசரெட்டோக்களின் உள்நிலையைத் தெரிந்துகொள்ள, 1786இல் ஸ்மிர்னாவில் அசுத்தச் சீட்டு உள்ள கப்பலாகப் பார்த்து ஏறி வெனிஸுக்குக் கிளம்பினார். வழியில் கடற்கொள்ளையர் தாக்குதலைச் சமாளித்து வெனிஸ் சேர்ந்தார். தனிமை இல்லத்தில் அவரை அடைத்த அறை பொறுக்க முடியாத நாற்றம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தபிறகே அவரால் மூச்சுவிட முடிந்தது. அங்கே வாரக்கணக்கில் கிடந்து கண்டதை 1789இல் லாசரெட்டோக்கள் பற்றிய நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், கருங்கடல் அருகிலிருந்த கெர்சோனில் காய்ச்சல் கண்டு இறந்தார். காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் என்ன படுகிறார்கள் என்று பார்க்கத் தன் உடம்பையே கொடுத்தவர்.

சீட்டு முறை இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் பிளேக் ஏன் நுழைந்தது என்பதற்கு விடை 19ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் கிடைத்தது. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் நோய்க்கிருமியைக் கண்டார். 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் எலியின் மீதிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று சோதனையால் காட்டினார். தலைவன் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, சரக்கு என்று எல்லாவற்றுக்கும் கோடு விட்டிருந்த படிவத்தில் எலிக்கு ஒரு கோடு இல்லை.

சிமோன் கராச்சியில் இருந்ததற்குக் காரணம் 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக். அது நம் கதையோடும் தொட்டுக்கொள்கிறது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களை என்ன செய்வது என்று பேச 1897இல் ஐரோப்பிய அரசுகள் கூடிய இடம், பொருத்தமாக, வெனிஸ். சென்னை மாகாணத்துக்குள் நோய் கண்ட பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். அதை வைத்திருப்பவர் குறித்த நாள்வரை அதிகாரி முன் போய் முகம் காட்ட வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் இலங்கை அரசு நடத்திய முகாம்களில் நாள்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, அதன்பிறகே கப்பலேற விட்டார்கள். இங்கே சீட்டு தலைகீழாகிவிட்டது. ஊரின் நலத்தை ஊரார் சொல்லிய காலம் போய், ஏழையின் உடம்பை அடுத்த நாட்டு அதிகாரி தடவிப் பார்க்கும் காலம் வந்தது. மண்டபம் கேம்ப் என்று இன்றும் அந்த இடத்துக்குப் பெயர். பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களையும் அகதிகளையும் தங்கவைத்ததும் அங்கேதான்.

ஆங்கிலப் பேச்சில் இந்தத் தொடர் கடலை விட்டுக் கரையேறியது 19ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்து துறைமுக மொழி தெரிந்த நாடு. கப்பலுக்குச் சொன்னதை மனிதருக்கும் நிறுவனத்துக்கும் உருவகமாகச் சொல்ல நெடுங்காலம் ஆகவில்லை. காகிதம் அதற்குப் பிறகும் சில காலம் உயிரோடு இருந்தது. 1934இல் பாரிஸில் சில நாடுகள் நலச்சீட்டே வேண்டாம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. உலக சுகாதார நிறுவனம் 1951இல் கொண்டுவந்த விதிகளோடு அது சர்வதேச வழக்கிலிருந்து விடைபெற்றது. தாள் போய்ச் சொல் மட்டும் நின்றது.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். 'பூரண நலத்துடன் இருக்கிறார்' என்று எழுதினேன் அல்லவா? சுத்தச் சீட்டு எந்தக் காலத்திலும் அவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்ததில்லை. இந்தத் தேதிவரை, இந்த இடத்தில், நாங்கள் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அது சொன்னது அவ்வளவே. மருத்துவர்கள் அந்த வீரருக்குச் சொன்னதும் அதே அளவுதான்: அன்று எடுத்த ஈசிஜியில், எக்கோவில், ரத்தப் பரிசோதனையில் கவலைப்படும்படி ஒன்றும் தென்படவில்லை. ஆகவே தமிழில் 'பரிசோதனையில் குறை ஏதும் தென்படவில்லை என்று மருத்துவர்கள் கூறினர்' என்பதே நேர்மையான வாக்கியம். 'நற்சான்றிதழ்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நடத்தைக்குக் கொடுப்பது. வேலைக்குப் போகிறவன் பையில் வைத்திருப்பது. ஒரு நிறுவனத்தின் கணக்கில் குறையில்லை என்று தணிக்கையாளர் சொல்லும்போதும் 'நற்சான்று' என்று போட்டால், அவர் பார்க்காதவற்றுக்கும் சேர்த்து நாம் சான்று கொடுத்துவிடுகிறோம். ஒரு மொழிபெயர்ப்பாளர் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் செய்தியைப் படிக்கிறவர்களில் தன் பணத்தை அங்கே போட நினைக்கிறவரும், தன் அப்பாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிறவரும் இருப்பார்கள்.

கொரோனாக் காலத்தில் சீட்டின் இந்த வரம்பை நம் கையாலேயே தொட்டுப் பார்த்தோம். 2020இன் பிற்பகுதியில் உறவினர் ஒருவரை அழைத்துவர விமான நிலையம் போயிருந்தேன். வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் வந்தவர்கள் எல்லார் கையிலும் ஆர்டிபிசிஆர் பரிசோதனைத் தாள். பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. என் உறவினர் வெளியே வந்தும் அந்தத் தாளை மடிக்காமல், நெஞ்சோடு சேர்த்து, தேதி தெரியும்படி பிடித்துக்கொண்டிருந்தார். 'நெகட்டிவ்' என்ற சொல்லைவிடச் சளி எடுத்த தேதியும் நேரமும்தான் எல்லா அதிகாரிகளும் முதலில் பார்த்தது. சுத்தம் என்பதற்குக் கெடு உண்டு என்பதை பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே துறைமுக எழுத்தர்கள் அறிந்திருந்தார்கள். நாங்கள் அதைக் கம்பித் தடுப்பருகே மறுபடி கற்றுக்கொண்டோம்.

கப்பல்கள் இன்றும் நலம் சொல்லித்தான் துறைமுகத்துக்குள் வருகின்றன. ஒரு காலத்தில் நோய் இருப்பதன் அடையாளமாக அஞ்சப்பட்ட மஞ்சள் கொடி, இன்றைய சர்வதேசக் கொடிமொழியில் 'என் கப்பல் நலம், உள்ளே வர அனுமதி வேண்டுகிறேன்' என்று பொருள்படுகிறது. கூடவே கப்பல் தலைவர் ஒரு சுகாதார அறிவிப்புப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். கிளம்பிய ஊர் எழுதித் தரும் சீட்டு இப்போது இல்லை. வந்த கப்பலே தன் நிலையைச் சொல்ல வேண்டும். படிவத்தின் சுகாதாரக் கேள்விகளில் முதலாவது, இந்தப் பயணத்தில் விபத்து அல்லாத காரணத்தால் கப்பலில் யாராவது இறந்தார்களா என்பது. ஆம் என்றால் எத்தனை பேர் என்று எழுத இடம் விட்டிருக்கிறார்கள். கேள்விகள் முடிந்ததும் அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. ஒன்று கப்பல் தலைவருக்கு. மற்றொன்று, கப்பலில் மருத்துவர் இருந்தால், அவருக்கு.